சொன்னது என்ன ஆச்சு?

(குடவாசல் கூட்டமைப்பு விழாவில் ஓய்வுபெற்ற சமுதாய சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் நீளம். நம்ம பகுதி சுகாதார வலையமைப்பு நிலைச்சு வளர உறுப்பினர் கருத்தை எப்படிக் கேட்டு வாங்குவது என்பது தலைப்பு. நான் இதைச் சுருக்கி ஒரே கேள்வியாக வைத்துக்கொள்கிறேன். ஒரு உறுப்பினர் போன மாசம் ஒரு குறையைச் சொன்னார் என்றால், இந்த மாசம் அவர் மனசுக்குள் ஒரு கேள்வி இருக்கும்: "நான் சொன்னது என்ன ஆச்சு?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற சங்கம் வளரும். சொல்லாத சங்கம் பெயர்ப்பலகையோடு நிற்கும். இதுதான் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்கிற விவரம்தான்.

வலையமைப்பு என்றால் யார்?

வலையமைப்பு என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் தெருவையே எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற தன்னார்வலர் இருக்கிறார். துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா இருக்கிறார். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க வருகிற செவிலியர், கை கால் பயிற்சி கொடுக்க வருகிற இயன்முறை மருத்துவர், அங்கன்வாடி டீச்சர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எல்லாரும் இருக்கிறார்கள். இத்தனை பேரையும் ஊரோடு கட்டி வைத்திருக்கிற கயிறு எது? நம்முடைய குழுக்கள்தான்.

இது நான் மேடைக்காகச் சொல்வது இல்லை. 2020-இல் மாநில அளவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது என்று அதில் தெரிந்தது. ஆஸ்பத்திரி இருந்தது, மாத்திரையும் இருந்தது. ஆனால் மாத்திரை மனுஷரிடம் போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் தொடர்ந்து சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. வீடு வீடாகப் போக ஆள் வேண்டும் என்றபோது அரசு எங்கே வந்தது? மகளிர் குழுக்களிடம் வந்தது. தன்னார்வலர்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள். 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருது கிடைத்தது. அந்த விருதில் வெயிலில் செருப்புத் தேய நடந்த நம் பெண்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் விருது வாங்கிய திட்டம் என்பதால் உங்கள் ஊரில் அது தானாக நடந்துவிடாது. அது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததை நீங்கள் சொல்கிறீர்களா, சொன்னால் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சத்தம் இல்லாமல் அறுகிற கயிறு

ஒரு குழு எப்படி உடையும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சண்டை போட்டு ஒரே நாளில் உடைகிற குழு குறைவு. முதலில் ஒரு அக்கா கூட்டத்துக்கு வராமல் சேமிப்புப் பணத்தை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புவார். அடுத்த மாசம் இன்னொருவர். "ஏன் வரலை?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாசத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து இருக்கும், குழு இருக்காது.

சுகாதார வேலையும் இப்படித்தான் நிற்கும். தன்னார்வலர் மாத்திரையோடு வாசலில் நிற்பார். "இருக்குமா, போன தடவை கொடுத்ததே மிச்சம் இருக்கு" என்று பாட்டி சொல்லி அனுப்பிவிடுவார். எப்படி மிச்சம் இருக்கும்? தினம் போட்டிருந்தால் தீர்ந்திருக்க வேண்டுமே? உட்கார்ந்து கேட்டால் உண்மை வரும். "வயல்ல குனிஞ்சு நடும்போது தலை சுத்துது தாயி, அதான் வேலைக்குப் போற நாள்ல போடுறதில்லை." இது எவ்வளவு பெரிய தகவல்! டாக்டரிடம் சொன்னால் மாத்திரையின் அளவையோ போடும் நேரத்தையோ அவர் பார்த்து மாற்ற முடியும். சொல்லாவிட்டால் பாட்டி தானே நிறுத்திவிடுவார். ஒரு நாள் கை கால் இழுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். நோட்டில் மட்டும் "மாத்திரை வழங்கப்பட்டது" என்று டிக் இருக்கும்.

தன்னார்வலர் பக்கமும் இதே கதைதான். பிரஷர் மிஷினின் கைப்பட்டை சின்னதாக இருந்தால், பருமனான கைக்குப் பிரஷர் கூடுதலாகக் காட்டும். இது வேலை செய்கிற பெண்ணுக்குத் தெரியும், யாரிடம் சொல்வது என்று தெரியாது. சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப் தீர்ந்துபோய் நாலு நாள் ஆகியிருக்கும். ஊக்கத்தொகை எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. ஒரு தெருவில் அவரைத் திண்ணையில்கூட உட்காரச் சொல்ல மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு தடவை சொல்வார், ரெண்டு தடவை சொல்வார். மூணாவது தடவை "வீட்டுல வேலை இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று நின்றுவிடுவார். நாமும் வீட்டு வேலை என்றே எழுதி வைப்போம். அசல் காரணம் யாருக்கும் தெரியாமல் போகும்.

வாய்க்காலும் வடிகாலும்

நாம் ஆத்துப் பாசனக்காரர்கள். நமக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். வயலுக்கு வாய்க்கால் மட்டும் இருந்தால் போதாது, வடிகாலும் வேண்டும். தண்ணி வந்துகொண்டே இருந்து வடிய வழி இல்லை என்றால் பயிர் அழுகிப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

மேலே இருந்து கீழே வருகிற உத்தரவு, சுற்றறிக்கை, பயிற்சி, மாத்திரை எல்லாம் வாய்க்கால். உறுப்பினர் சொல்கிற குறை, யோசனை, பாராட்டு எல்லாம் வடிகால். நம் பகுதியில் மேல்மடை வயலில் வடிகிற தண்ணி கீழே இருக்கிற ஊருக்குப் பாசனமாகப் போகும். அதேமாதிரி ஒரு ஊர்க் குழு சொல்கிற குறை, பக்கத்து ஊருக்குப் பாடம். அதை அடைத்து வைத்தால் சொன்னவருக்கும் நஷ்டம், கேட்க வேண்டியவருக்கும் நஷ்டம்.

கடன் பேரேடு சொன்ன கதை

குஜராத் மாநிலம் அகமதாபாத்தில் 1972-இல் இலா பட் அம்மையார் "சேவா" என்கிற சங்கத்தைத் தொடங்கினார். சுயதொழில் செய்கிற ஏழைப் பெண்களின் சங்கம். காய்கறி விற்கிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தலைச்சுமை தூக்குகிறவர்கள் அதில் உறுப்பினர்கள். 1974-இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கியையும் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் சிலர் கடன் தவணை கட்டவில்லை.

நம்ம ஊராக இருந்தால் என்ன செய்வோம்? "ஏமாத்துறாங்க" என்போம், வாசலில் போய் நிற்போம். அவர்கள் ஏன் கட்டவில்லை என்று விசாரித்தார்கள். பெரிய காரணம் நோய் என்று தெரிந்தது. சிலர் உயிரோடேயே இல்லை. அதில் பிரசவத்தில் இறந்தவர்களும் இருந்தார்கள். பணத்தைத் தேடிப் போன இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நோயின் கணக்கு. அதற்குப் பிறகு பேறுகால உதவி, சுகாதார வேலை என்று சேவா இறங்கியது. 1990-இல் உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருக்கிற சுகாதாரக் கூட்டுறவு ஒன்றையும் பதிவு செய்தார்கள். மருத்துவச்சிகளும் ஊர் சுகாதாரப் பணியாளர்களும் அதில் உறுப்பினர். குறைந்த விலை மருந்துக் கடையும் நடத்தினார்கள்.

அக்காமார்களே, இந்தக் கதையில் நமக்கு ரெண்டு சேதி இருக்கு. ஒன்று, உறுப்பினர் வாயைத் திறந்து சொன்னால்தான் கருத்து என்பது இல்லை. கட்டாத தவணையும் ஒரு கருத்து. வராத கூட்டமும் ஒரு கருத்து. நம் பேரேட்டை எடுத்துப் பார்த்து, தவணை நிற்கிற வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேளுங்கள். ரெண்டாவது, காரணத்தைக் கேட்டவர்கள் காரணத்தோடு விடவில்லை. கேட்டதற்குப் பதிலாக ஒரு ஏற்பாட்டைச் செய்து காட்டினார்கள். அதனால்தான் அடுத்த தடவை கேட்டபோது பெண்கள் நம்பிச் சொன்னார்கள்.

ஜாம்கெட் பெண்கள்

இன்னொரு ஊர், மகாராஷ்டிராவில் ஜாம்கெட். 1970-இல் டாக்டர் ரஜனிகாந்த் அரோலே, டாக்டர் மேபல் அரோலே தம்பதியர் அந்த வறட்சிப் பகுதியில் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கிராமங்களில் தங்க வைக்கப் பார்த்தார்கள். அது சரியாக ஒட்டவில்லை. உள்ளூர்ப் பெண்களையே பழக்கினால் என்ன என்ற யோசனை ஊர்த் தரப்பிலிருந்தே வந்தது. அதைக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் எனப் பலரும் சுகாதாரப் பணியாளர்கள் ஆனார்கள்.

அவர்கள் வாராவாரம் ஜாம்கெட்டில் கூடுவார்கள். தங்கள் ஊரில் என்ன நடந்தது, எது கைகூடியது, எது கூடவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். அந்தப் பேச்சிலிருந்தே பாடமும் நடக்கும். 1971-இல் அந்தப் பகுதியில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஒரு வயது முடியும் முன்பே இறந்தன. 1990-களில் அது இருபதை ஒட்டி இறங்கியது. மருந்து, சத்துணவு, குடிதண்ணீர் எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் எந்த வீட்டில் எது தேவை என்று டாக்டருக்குச் சொன்னது அந்தப் பெண்களின் வாய்.

நம் மாதாந்திரக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். அறிக்கை கொடுக்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், டீ குடிக்கிறோம், கிளம்புகிறோம். "உன் ஊரில் இந்த மாசம் எது சரியாக நடக்கலை?" என்று கேட்க அரை மணி நேரம் ஒதுக்குகிறோமா?

பச்சை, மஞ்சள், சிவப்பு

தொலைவில் உள்ள ஊர்க் கதையாகவே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கு. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் கீழ், 2007 முதல் 2009 வரை ஒன்பது மாநிலங்களில் ஒரு முன்னோட்டம் நடந்தது. மக்களே தங்கள் சுகாதார சேவையைக் கண்காணிப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் தர்மபுரி, பெரம்பலூர், வேலூர், திருவள்ளூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் செய்தார்கள். ஊர்க் குழு மக்களிடம் கேள்வி கேட்கும். தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு, நர்சம்மா வருகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் போடும். நல்லா நடந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தாரோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது நிறம்தான். எழுத்துத் தெரியாத ஆத்தாளும் சிவப்பைப் பார்த்தால் புரிந்துகொள்வார். யாரையும் திட்ட வேண்டியதில்லை, பேர் சொல்ல வேண்டியதில்லை. "இந்தக் கட்டம் ஏன் சிவப்பா இருக்கு?" என்று கேட்டால் போதும். நர்சம்மாவுக்கும் அது உதவி. ரெண்டு ஊருக்கு ஒரே ஆள் என்று அவர் மேலே சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார். ஊரே சிவப்பு போட்டால் அவர் பேச்சுக்கு எடை கூடும்.

எப்படிக் கேட்பது?

இப்போது நம் வேலைக்கு வருவோம். கேட்கிற விதம் தெரிய வேண்டும். சிலவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். மேட்டூர் திறந்து குறுவை நடவு நடக்கும்போதும், சம்பா நடவின்போதும், தை அறுப்பிலும் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? வயலுக்குப் போகாதவர்கள் மட்டும் வருவார்கள். அவர்கள் கருத்தே ஊர்க் கருத்தாகப் பதிவாகும். நடவு ஆள் சாப்பிட உட்காருகிற வரப்படியில் போய்க் கேளுங்கள். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் கேளுங்கள். சாயங்காலம் குழாயடியில் கேளுங்கள்.

ரெண்டாவது, யார் கேட்பது. மாத்திரை கொடுக்கிற தங்கச்சியே "நான் ஒழுங்கா வர்றேனா பாட்டி?" என்று கேட்டால், எந்தப் பாட்டி இல்லை என்பார்? முகத்துக்கு நேரே குறை சொல்ல நமக்கு வராது. அதனால் இந்த ஊரில் அந்த ஊர்க் குழு கேட்கட்டும், அந்த ஊரில் இந்த ஊர்க் குழு கேட்கட்டும்.

மூணாவது, எதைக் கேட்பது. "எல்லாம் நல்லா நடக்குதா?" என்று கேட்டால் "நல்லா நடக்குது" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். "கடைசியா உங்களுக்கு எப்போ பிரஷர் பார்த்தாங்க? எவ்வளவு இருக்குன்னு சொன்னாங்களா? மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போச்சு, ஏன்? டாக்டரைப் பார்க்கப் போனா எவ்வளவு நேரம் ஆச்சு, எவ்வளவு செலவாச்சு? எதை மாத்தினா உங்களுக்குச் சௌகரியம்?" ஐந்து கேள்வி போதும். முப்பது கேள்வி வைத்தால் பத்தாவது கேள்வியிலேயே அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார்கள்.

நாலாவது, பேசாதவர்கள். கூட்டத்தில் நாலு பேர்தான் பேசுவார்கள், நம் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்களுக்குப் புளியங்கொட்டையைக் கொடுங்கள். மூணு சட்டி வைத்து, பச்சை, மஞ்சள், சிவப்புத் துணியால் மூடிவிடுங்கள். ஒவ்வொருவராகப் போய் ஒரு கொட்டையைப் போட்டுவிட்டு வரட்டும். யார் எதில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. எண்ணிப் பார்த்தால் ஊர் மனசு தெரிந்துவிடும். குழுவிலேயே சேராத வீடுகளையும் விடாதீர்கள். தனியாக இருக்கிற முதியவர், கீழ்க்கோடித் தெரு, செங்கல் சூளைக்குப் போய்த் திரும்பி வருகிற குடும்பம் எல்லாம் கடைமடை மாதிரி. தண்ணி கடைசியில்தான் அங்கே போகும். ஆனால் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பாசனம் சரி என்று அர்த்தம்.

ஐந்தாவது, ரகசியம். உடம்பு விஷயம் வெளியே போகக் கூடாது. ஒரு பெண் கர்ப்பப்பைக் கோளாறு என்று குழுவில் சொல்லி, அது மறுநாள் டீக்கடையில் பேச்சாக இருந்தால், அந்த ஊரில் இனி எந்தப் பெண்ணும் வாயைத் திறக்க மாட்டார். கருத்து எழுதும் நோட்டில் நோயாளி பேர் வேண்டாம், தெரு பேர்கூட யோசித்துத்தான் எழுத வேண்டும். "மூன்று பேருக்கு இந்தச் சிரமம்" என்று எழுதினால் போதும்.

ஆறாவது, விட்டுப் போகிறவர்கள். வேலையை விட்டு நிற்கிற தன்னார்வலரை, குழுவை விட்டு விலகுகிற உறுப்பினரை, ஒரு மூத்த அக்கா தனியாகப் போய்ப் பார்த்துப் பேச வேண்டும். திரும்பி வரச் சொல்லி வற்புறுத்தப் போக வேண்டாம். "எதனால கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கப் போங்கள். இருக்கிறவர்கள் சொல்லத் தயங்குவதைப் போகிறவர்கள் சொல்வார்கள். அடுத்து வருகிற பெண்ணுக்கு அதுதான் முதல் பயிற்சி.

கேட்டபின் என்ன செய்வது?

இதுதான் முக்கியம். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல். ஏன் என்றால் ஒரு தடவை மனசு விட்டுச் சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால், அடுத்த தடவை "எல்லாம் நல்லா நடக்குது" என்றுதான் பதில் வரும். அந்தப் பொய்யான பச்சையை நம்பி நாமும் இருப்போம்.

ஒரு நோட்டுப் போடுங்கள். நாலு கட்டம். என்ன சொன்னார்கள், யார் செய்ய வேண்டியது, எந்தத் தேதிக்குள், என்ன ஆச்சு. நாலாவது கட்டம் காலியாக இருந்தால் கூட்டமைப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

வருகிற குறைகளை மூணாகப் பிரியுங்கள். முதல் வகை, நாமே செய்யக்கூடியது. நான் வேலை பார்த்த ஒரு ஊரில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வருவது குறைந்துகொண்டே போனது. அக்கறை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். கேட்டுப் பார்த்தபோது, டவுன் பஸ் நேரம் மாறிவிட்டது, வந்தால் திரும்பிப் போக மதியம் வரை பஸ் இல்லை என்று தெரிந்தது. பரிசோதனையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்ததும் வந்துவிட்டார்கள். பைசா செலவில்லை.

ரெண்டாவது வகை, உள்ளூரில் பேசித் தீர்ப்பது. கிராம சுகாதாரக் குழு என்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதற்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் வரையில் ஊர்த் தேவைக்கான நிதி என்று விதி இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. "குறை இருக்கு" என்று பொதுவாகச் சொல்லாமல், "எங்கள் தெருக்களில் இத்தனை பேருக்கு இத்தனை வாரமாக மாத்திரை வரவில்லை" என்று எண்ணிக்கையோடு எழுதிக் கொடுத்து, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.

மூணாவது வகை, மாவட்டம், மாநிலம் வரை போக வேண்டியது. ஊக்கத்தொகை, காலிப் பணியிடம், மருந்து இருப்பு இதெல்லாம் ஒரு குழு கேட்டால் நடக்காது, கூட்டமைப்பு கேட்க வேண்டும். மாவட்ட அளவில் சுகாதாரப் பேரவை கூட்டி மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்கிற வழக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியிருக்கு. தாய்லாந்து நாட்டில் 2007-இல் இதற்குச் சட்டமே போட்டு, 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை நடத்துகிறார்கள். நம் கூட்டமைப்பின் நோட்டு அந்த மாதிரி இடத்துக்குப் போக வேண்டும். அவசரக் குறைக்கு 104 என்ற எண் இருக்கவே இருக்கு.

மூணு வகைக்கும் பொதுவான ஒரு விதி: அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். "நடந்துடுச்சு" என்பது ஒரு பதில். "எழுதிக் கொடுத்திருக்கோம், இந்தத் தேதியில் கேட்போம்" என்பதும் பதில். "இது நம்மால் முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். முடியாது என்று நேராகச் சொன்னால் கோபம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். பதிலே இல்லாவிட்டால் நம்பிக்கை போய்விடும். பாராட்டு வந்தாலும் அதைச் சேர்க்க வேண்டிய ஆளிடம் சேருங்கள். "உன்னாலதான் எங்க அம்மா நடக்குறாங்கன்னு ஒரு வீட்டுல சொன்னாங்க" என்கிற ஒரு வார்த்தை, அந்தத் தன்னார்வலரை இன்னும் ஒரு வருஷம் நடக்க வைக்கும்.

வளர்வது எப்படி?

பஞ்ச சூத்திரம் நமக்கு மனப்பாடம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு. அதோடு இன்னும் ஐந்து சேர்ந்து தச சூத்திரம் ஆனபோது ஆறாவதாக வந்து உட்கார்ந்தது சுகாதாரம். குழுக்களுக்குத் தரம் பிரிக்கிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள். நல்லதுதான். அதேபோல உறுப்பினர்கள் கூட்டமைப்புக்கு மதிப்பெண் போட்டால் என்ன? வருஷத்துக்கு ஒரு தடவை புளியங்கொட்டைச் சட்டியை நிர்வாகிகள் முன்னாலேயும் வைப்போம். நிர்வாகிகள் சிரிக்கிறார்கள். சிரிங்க, ஆனால் வையுங்க.

வலையமைப்பு விளம்பரத்தால் வளராது. "நான் ஒரு குறை சொன்னேன், அதை எழுதிக்கிட்டாங்க, அடுத்த மாசம் வந்து பதில் சொன்னாங்க" என்று ஒரு பெண் குழாயடியில் சொன்னால், சேராத நாலு பேர் சேருவார்கள். படித்த பெண் ஒருத்தி அடுத்த தன்னார்வலராக வர முன்வருவாள். ஒரு செவிலியர் மாற்றலாகிப் போனாலும், ஒரு திட்டத்தின் பெயர் மாறினாலும், அரசே மாறினாலும், அந்தப் பேச்சுப் பழக்கம் ஊரில் நிற்கும். கட்டடமும் மிஷினும் அரசு கொடுக்கலாம். இந்தப் பழக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

கடைசியாக மூணு வேண்டுகோள். இந்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் நாலு கட்டம் போட்ட ஒரு நோட்டைத் தொடங்குங்கள். தவணை நிற்கிற வீடுகளுக்குப் பணம் கேட்கப் போகும் முன்பு உடம்பு விசாரிக்கப் போங்கள். உங்கள் ஊர்த் தன்னார்வலரை ஒரு நாள் கூட்டத்தில் உட்கார வைத்து, அவர் கையில் டீயைக் கொடுத்து, "உனக்கு என்ன கஷ்டம், சொல்லு" என்று கேளுங்கள். அவர் ஊரெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவர், அவரை யாரும் கேட்பதில்லை.

அடுத்த மாசம் அவருக்குப் பதில் சொல்ல மறந்துடாதீங்க.